வேட்டித் திரைக்குப் பின்னால்: மில் பெண்களின் சாட்சியத்தில் அடையாளம் மறைத்த முறை

ஸ்பின்னிங் மில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் பெண் கேமரா முன்னால் பேசியது மில்லுக்குத் தெரிந்தால் வேலை போகும், கூடவே சேர்த்து வைத்த பணமும் போகும். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து மில்களில் நடந்த முறையில், மூன்று வருடம் முழுதாக முடித்தால்தான் கல்யாணத்துக்கென்று சொன்ன மொத்தத் தொகை கைக்கு வரும். நடுவில் நின்றால் வராது. இப்போது அந்தப் பெயரை யாரும் வாயில் எடுப்பதில்லை. ஹாஸ்டல், வார்டன், ஊரில் ஆள் பிடிக்கும் ஏஜென்ட் என்ற ஏற்பாடு பல இடங்களில் அப்படியே இருக்கிறது. ஒரே ஊரிலிருந்து அக்கா, தங்கை, அத்தை மகள் என்று நாலு பேர் அதே மில்லில் இருப்பார்கள். ஒருத்தி பேசியது தெரிந்தால் நாலு பேருக்கும் நெருக்கடி.

அப்படிப்பட்ட பெண்களின் பேச்சை நடுவில் வைத்து நாங்கள் எடுத்த ஆவணப்படத்தில் அடையாளம் மறைக்கும் வேலை எப்படி நடந்தது, எந்த முறை தோற்றது, எது கடைசியில் நின்றது என்பதை வரிசையாக எழுதுகிறேன். மில்லின் பெயர், ஊர், தேதி எதுவும் இங்கேயும் இருக்காது.

பிளர் ஏன் போதவில்லை

எல்லாரும் செய்வது ஒன்றுதான். முகத்தை நேராக எடுத்துக்கொண்டு, எடிட்டிங்கில் பிளர் அல்லது மொசைக் போடுவது. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே வட்டம் போட்டு, அது முகத்தோடு கூடவே நகரும்படி டிராக் செய்துவிடலாம் என்பதால் சுலபமாகத் தெரியும். அதில் மூன்று ஓட்டைகள்.

முதல் ஓட்டை டிராக்கிங். பேசுகிறவர் சட்டென்று திரும்பினாலோ, குனிந்து கண்ணைத் துடைத்தாலோ வட்டம் ஒன்றிரண்டு ஃபிரேம் பின்தங்கும். நொடிக்கு 25 ஃபிரேமில் ஓடும்போது கண்ணுக்குப் படாது. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பவருக்கு அந்த ஒரு ஃபிரேம் போதும். வார்டன் கைக்கு வீடியோ போனால் அவர் அப்படித்தான் பார்ப்பார்.

இரண்டாவது, மங்கலின் அளவு. லேசான பிளரில் முக வடிவம், தலைமுடி வகிடு, தோடு இருக்கும் இடம் எல்லாம் மிஞ்சும். மொசைக் கட்டம் சின்னதாக இருந்தால், தலை அசைய அசைய ஒவ்வொரு ஃபிரேமிலும் வேறு வேறு புள்ளிகள் கட்டத்துக்குள் விழும். அவற்றைச் சேர்த்தால் முகம் ஓரளவு திரும்பி வரும். பிளர்தான் வழி என்றால் முழுக்க ஒரே நிறத்தில் மூடுங்கள். தலையின் அளவைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிதாக மூடுங்கள்.

மூன்றாவது ஓட்டைதான் மோசமானது. பிளர் போட்டது படத்தில்தான். மெமரி கார்டில், ஹார்ட் டிஸ்கில், எடிட்டருக்கு அனுப்பிய பிராக்சி (சிறிய அளவுப் பிரதி) கோப்பில், போனின் கூகுள் போட்டோஸ் பேக்கப்பில் முகம் முழுசாக இருக்கிறது. கம்ப்யூட்டரைப் பறிமுதல் செய்தாலோ, யாராவது டிஸ்கைத் தொலைத்தாலோ பிளருக்கு அர்த்தமே இல்லை.

இன்னொன்றையும் பார்த்தோம். முகம் முழுக்க மறைந்திருந்த ஒரு ஷாட்டில், பின்னால் அலமாரியில் இருந்த எவர்சில்வர் குடத்தின் வயிற்றில் பேசியவரின் முகம் வளைந்து தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் மூக்குத்தி எந்தப் பக்கம் என்றுகூடச் சொல்லலாம். சாமி படக் கண்ணாடி, அணைத்து வைத்த டிவி, கூட உட்கார்ந்திருப்பவரின் மூக்குக் கண்ணாடி எல்லாமே இந்த வேலையைச் செய்யும். படம் எடுக்கும் அறையில் பளபளக்கும் பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்ற விதி அங்கிருந்து வந்தது.

ஜன்னலுக்கு எதிரே உட்காரவைத்தது

அடுத்த முறை, ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்து முகத்தை இருட்டாக்குவது. ஜன்னல் வெளிச்சத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் முகம் கறுப்பாகும். முகத்துக்கும் ஜன்னலுக்கும் 5 ஸ்டாப், அதாவது 32 மடங்கு, வித்தியாசம் இருந்தால் கண்ணுக்கு முழு இருட்டு.

கோப்பில் அது இருட்டில்லை. ரிசால்வில் இருட்டுப் பகுதியை வெளுப்பாக்கும் லிஃப்ட், காமா இரண்டையும் மேலே தள்ளிப் பார்த்தபோது கன்னம், உதடு, நெற்றிப்பொட்டு எல்லாம் இரைச்சலோடு எழுந்து வந்தன. லாக் புரொஃபைலில் எடுத்திருந்தால் இன்னும் தெளிவாக வரும். நிழலுக்குள் இருக்கும் விவரத்தைக் காப்பாற்றுவதற்கென்றே லாக் செய்யப்பட்டது. இந்த வேலைக்கு அது எதிரி. யூடியூபிலிருந்து இறக்கிய கோப்பிலும் ஓரளவுக்கு இதைச் செய்ய முடியும்.

முகத்தில் வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று தேடியதில் எதிர்ச் சுவரின் வெள்ளைச் சுண்ணாம்பும், தரையில் பதித்த வெள்ளை டைல்ஸும் காரணம் என்று தெரிந்தது. டைல்ஸ் வெளிச்சத்தைக் கீழிருந்து தாடைக்கு அனுப்பும். எதிரே கறுப்புக் காடாத் துணி, தரையில் கறுப்புப் போர்வை, லாக் இல்லாத சாதாரண புரொஃபைல், கான்ட்ராஸ்ட் கூட்டி வைத்த கேமரா என்று எல்லாம் செய்தபின், வெளிச்ச அளவைக் காட்டும் வேவ்ஃபார்ம் வரைபடத்தில் முகம் சுழியைத் தொட்டது. ஆனாலும் பக்கவாட்டு உருவம் கத்தி வெட்டியது மாதிரி நின்றது. மூக்கு, முகவாய், கொண்டை, ஜிமிக்கி. ஒரே அறையில் பன்னிரண்டு பேர் தங்கும் ஹாஸ்டலில், பக்கத்துக் கட்டில்காரிக்கு அந்தக் கோடு போதும்.

போனில் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. போன் கேமரா முகத்தைத் தேடிப் பிடித்து, முகம் தெரியும்படி வெளிச்சத்தைத் தானே ஏற்றும். பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் இருட்டு முகம் தானாக வெளுக்கும். பிளாக்மேஜிக் கேமரா மாதிரி இலவச ஆப்பில் ஐ.எஸ்.ஓ., ஷட்டர் இரண்டையும் பூட்டிவிட்டு எடுக்க வேண்டும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் 25 ஃபிரேம், ஷட்டர் 1/50. மலிவு எல்.இ.டி. பல்பின் நடுக்கம் இந்த அளவில் படத்தில் வராது. ஷட்டரை ஆட்டோவில் விட்டால் பட்டை பட்டையாக ஓடும்.

வேட்டித் திரை

வேலை செய்த முறை தோல்பாவைக்கூத்தின் ஏற்பாடுதான். பேசுகிறவர் துணிக்கு அந்தப் பக்கம், அவருக்குப் பின்னால் விளக்கு, கேமரா துணிக்கு இந்தப் பக்கம். கேமராவுக்கு எட்டுவது துணியில் விழும் நிழல் மட்டும். முகத்திலிருந்து கிளம்பும் வெளிச்சம் லென்ஸுக்கு வருவதே இல்லை. ஆகவே மேலே தள்ளி மீட்பதற்குக் கோப்பில் ஒன்றுமில்லை.

பாவைக்கூத்தில் பாவையைத் துணியோடு ஒட்டிப் பிடிப்பார்கள், ஓரம் கூர்மையாக விழ வேண்டும் என்பதற்காக. நமக்கு நேர்மாறாக வேண்டும். தலை தெரிய வேண்டும், கை அசைவு தெரிய வேண்டும், மூக்கு தெரியக் கூடாது. இதற்கு மூன்று அளவுகள்தான் முக்கியம்: விளக்கின் அகலம், விளக்குக்கும் ஆளுக்கும் உள்ள தூரம், ஆளுக்கும் துணிக்கும் உள்ள தூரம். விளக்கின் அகலத்தை ஆள்-துணி தூரத்தால் பெருக்கி, விளக்கு-ஆள் தூரத்தால் வகுத்தால் நிழலோரம் எவ்வளவு மங்கும் என்பது கிடைக்கும்.

முதலில் ஒரு 20 வாட் எல்.இ.டி. பல்பை அப்படியே தொங்கவிட்டோம். பல்பின் அகலம் இரண்டரை அங்குலம், ஆளுக்கு 6 அடி பின்னால். ஆள் துணியிலிருந்து 1 அடி தள்ளி. கணக்குப்படி மங்கல் அரை அங்குலம்கூட வராது. மூக்கு, உதடு, கழுத்துச் சங்கிலி எல்லாம் கோடாக விழுந்தன. ஜன்னல் முறையைவிட மோசம்.

பிறகு 2 அடிக்கு 2 அடி பி.வி.சி. குழாய்ச் சட்டம் செய்து, அதில் பட்டர் பேப்பர் ஒட்டி, ஒன்றரை அடி பின்னால் இரண்டு பல்பு வைத்தோம். இப்போது பேப்பர்தான் விளக்கு, அகலம் 2 அடி. அதே தூரங்களில் மங்கல் 4 அங்குலம். தலையும் தோளும் தெரிகின்றன. மூக்கும் முகவாயும் கரைந்துவிட்டன. விளக்கு-ஆள் தூரத்தை மாற்றாமல், ஆளைத் துணியிலிருந்து 3 அடிக்குத் தள்ளிப் பார்த்ததில் மங்கல் 1 அடி ஆகி, மனித உருவமே ஒரு கறையாகிவிட்டது. பார்க்கிறவருக்கு அங்கே ஒரு பெண் இருக்கிறாள் என்பது போய்விடும். அது கூடாது. 1 அடியிலிருந்து ஒன்றேகால் அடிக்குள் நாற்காலியை நிறுத்தி, காலுக்குச் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் குறி போட வேண்டும். பேசப் பேச ஆட்கள் முன்னால் சாய்வார்கள். முதுகு சாயும் பிளாஸ்டிக் நாற்காலி வைத்தால் பின்னால் தங்குவார்கள். ஸ்டூல் வேண்டாம்.

துணி விஷயத்தில் ஒரு கவனம். மெல்லிய மல் துணியில் நெசவு இடைவெளி வழியாக அந்தப் பக்கம் தெரிந்தது. துணியிலிருந்து திரும்பும் வெளிச்சம் முகத்தில் பட்டு, கான்ட்ராஸ்டைக் கூட்டினால் மூக்குத்தி மின்னியது. எட்டு முழ வேட்டியை இரண்டாக மடித்துக் கட்டியபின் அது நின்றது. கரை கீழே போகும்படி கட்டுங்கள், இல்லாவிட்டால் படத்தில் கரைக்கோடு தலைக்கு மேல் ஓடும். வேட்டியைத் தண்ணீர் தெளித்து இழுத்துக் கட்டிக் காயவிட்டால் சுருக்கம் போய்விடும்.

கேள்வி கேட்பவர் துணிக்கு அந்தப் பக்கம், பேசுகிறவருக்கு எதிரே தாழ்வாகத் தரையில் உட்கார வேண்டும். ஆரம்பத்தில் இந்தப் பக்கம் இருந்து கேட்டதில், பேசுகிறவர் துணியைப் பார்த்து மனப்பாடம் ஒப்பிப்பது போல் பேசினார். ஒரு அக்கா எதிரே தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே கேட்டபோதுதான் பேச்சு பேச்சாக வந்தது. அவர் நிழல் திரையில் விழாத அளவுக்குத் தாழ்வாக இருந்தாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவு ரொம்ப இல்லை. வேட்டி 500 ரூபாய்க்குள், குழாயும் முட்டிகளும் 300 சொச்சம், பல்பு, ஹோல்டர், வயர் எல்லாம் சேர்த்து 700, பட்டர் பேப்பர் சொற்பம், கறுப்புக் காடா மீட்டர் 70-80 ரூபாய். மடித்தால் எல்லாம் ஒரு துணிப்பைக்குள் போய்விடும். ஊருக்குள் காரும் டிரைபாடும் இறங்கினால் சாயங்காலத்துக்குள் ஏஜென்ட் காதுக்குப் போகும் என்பதால் இதுவும் பாதுகாப்பில் சேர்த்தி. ஹாஸ்டல் பெண்களுக்கு வெளியே வர வாய்க்கும் நேரம் பொங்கல், தீபாவளி, ஊர்த் திருவிழா விடுமுறை. அப்போதும் அவர்கள் வீட்டில் எடுக்காமல், வேறு ஊரில் அவர்கள் நம்பும் ஒரு வீட்டைக் கேட்டு அங்கே எடுப்பது நல்லது.

குரல்

குரலை மாற்றப் பலர் செய்வது பிட்சை (சுருதியை) நாலு செமிடோன், அதாவது நாலு அரைச் சுரம், இறக்குவது. அதே மென்பொருளில் நாலு செமிடோன் ஏற்றினால் குரல் ஏறக்குறைய திரும்பி வந்துவிடும். ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருள் தெரிந்த யாரும் இதைச் செய்யலாம். எத்தனை செமிடோன் என்று தெரியாவிட்டாலும் ஒவ்வொன்றாக முயன்றால் சில நிமிடத்தில் கிடைக்கும். அதோடு, இறக்கிய குரல் சினிமாவில் கடத்தல்காரன் போனில் பேசுவது போல் இருக்கும். பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு அந்தக் குரலைக் கொடுப்பது அவருக்குச் செய்யும் அவமரியாதை.

ஆகவே வேறொருவர் குரலில் பேசவைத்தோம். அசல் பதிவை வார்த்தைக்கு வார்த்தை எழுதி, எங்கே நிறுத்தினார், எங்கே பெருமூச்சு விட்டார், எங்கே சிரித்தார் என்று குறித்து, அதை இன்னொரு பெண் பேசினார். நிழலில் உதடு தெரியாததால் உதட்டசைவோடு பொருத்தும் வேலையே இல்லை. இது வேட்டித் திரை தந்த கூடுதல் லாபம்.

டப்பிங் கலைஞரை வைத்து முயன்ற பகுதி சரியாக வரவில்லை. ஒவ்வொரு வரியிலும் அழுகை ஏறியிருந்தது. அசலில் அந்தப் பெண் கண்ணீர் விடவே இல்லை; ரேஷன் கடையில் என்ன போட்டார்கள் என்று சொல்வது போலத்தான் எல்லாவற்றையும் சொன்னார். மில்லில் வேலை செய்து வெளியேறிய, தொழிற்சங்கத்தில் இருக்கும் பெண்கள் பேசியபோது அந்தத் தொனி தானாக வந்தது. ‘டாஃபிங்’, ‘சைடர்’, ‘கோன் வைண்டிங்’, ‘அரை ஷிப்ட் கட்’ போன்ற மில் சொற்கள் எல்லாம் அவர்கள் வாயில் உறுத்தாமல் வந்தன. பேப்பரைப் பார்த்துப் படித்தால் செய்தி வாசிப்பு ஆகிவிடும். ஒரு பத்தியைப் படித்து, பேப்பரைக் கவிழ்த்து வைத்து, எதிரே ஒருவரிடம் சொல்வது போல் சொல்லச் சொல்ல வேண்டும். வார்த்தை விலகினால் அந்த வரியை மட்டும் திரும்ப.

அசல் பதிவு படத்தில் வராது என்பதற்காக ஒலிப்பதிவில் அலட்சியம் வேண்டாம். எழுதி எடுக்க ஒவ்வொரு சொல்லும் கேட்க வேண்டும். 1,000 ரூபாய்க்குக் கிடைக்கும் வயர் லேபல் மைக்கே போதும், முகவாயிலிருந்து ஒரு சாண் கீழே, துணி உரசாமல். உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். தகரக் கூரை வீட்டில் ஃபேனை நிறுத்தினால் பத்து நிமிடத்தில் வியர்த்துக் கொட்டும். ஃபேன் ஓடட்டும், மைக்கைக் கிட்டே வையுங்கள். அவர் சௌகரியமாக இருப்பது முக்கியம்.

அசல் பதிவின் பின்னணி ஓசையையும் படத்தில் சேர்க்கக் கூடாது. அதில்தான் ஊர் இருக்கிறது. கோயில் ஒலிபெருக்கியில் திருவிழா அறிவிப்பு, பேரூராட்சி ஆட்டோவில் குடிநீர் வரி அறிவிப்பு, கண்டக்டர் கூவும் ஊர்ப்பெயர், மில் சங்கு ஊதும் நேரம். வேறு மாவட்டத்தில், இதே மாதிரி கூரை உள்ள அறையில் ஆளில்லாமல் இரண்டு நிமிட ஓசை எடுத்து அதைக் கீழே ஓடவிட்டோம்.

பேச்சுக்குள் இருக்கும் அடையாளம்

முகமும் குரலும் போனபின்னும் சொல் காட்டிக்கொடுக்கும். தேனிப் பக்கத்துப் பெண் ‘அங்கிட்டு’ என்பார், கொங்குப் பக்கம் ‘சொல்லிப்போட்டு’ வரும். மாவட்ட வழக்கு இருக்கலாம், அதுதான் பேச்சுக்கு உயிர். ஒரு ஊருக்கோ ஒரு சாதிக்கோ மட்டும் உரிய உறவுப் பெயரும் வசவும் இருந்தால் அவரைக் கேட்டு எடுத்துவிட வேண்டும். பொதுத்தமிழாக மாற்றி எழுதுவது தவறு. அப்படிச் செய்தால் படத்தில் பேசுவது நாமாகிவிடுவோம்.

விவரங்களை ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதினோம்: சேர்ந்த வருடம், பிரிவு, ஷிப்ட், காயம், வீட்டில் எத்தனை பேர், ஊர் எந்தத் திசை, யார் கூட்டிவந்தது. ஒரு விவரம் தனியாக யாரையும் காட்டாது. மூன்று சேர்ந்தால் ஒரே ஆள்தான் மிஞ்சுவார். ரிங் பிரேம் என்பது நூல் நூற்கும் இயந்திரம். ‘ரிங் பிரேமில் விரல் போனது’ என்பது பலருக்கு நடந்திருக்கும். ‘விரல் போன, அக்காவும் தங்கையும் ஒன்றாக வேலை செய்த, பஸ் இல்லாத ஊர்ப் பெண்’ என்றால் ஒருத்திதான். ஆகவே ஒரு ஆளின் பேச்சில் இரண்டு விவரத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்று வைத்துக்கொண்டோம். எடுத்துவிடலாம், பொய்யாக மாற்றக் கூடாது. விரலுக்குப் பதில் கால் என்று போட்டால், ஒரு நாள் அது வெளியே வந்து மொத்தச் சாட்சியத்தையும் பொய் என்பார்கள்.

சட்டம் கட்டாயமாக மறைக்கச் சொல்லும் இடங்களும் உண்டு. சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 74-ஆம் பிரிவு, விசாரணையிலோ வழக்கிலோ உள்ள, குற்றத்தால் பாதிக்கப்பட்ட அல்லது சாட்சியான குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி என்று அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடத் தடை செய்கிறது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவருக்கு பாரதிய நியாய சன்ஹிதா 72-ஆம் பிரிவு. வேலையிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டம் 2013-இன் 16-ஆம் பிரிவு புகார் கொடுத்தவர், சாட்சி ஆகியோரின் அடையாளத்தோடு விசாரணை விவரத்தையும் வெளியிடக் கூடாது என்கிறது. உள்ளகப் புகார்க் குழுவில் ஒரு பெண் சொன்னதைப் படத்தில் அப்படியே வைக்க முடியாது. பதினெட்டு வயது ஆகாத பெண்களைப் பேசவைப்பதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவெடுத்தது பல சிக்கல்களைத் தவிர்த்தது. பதினைந்து வயதில் மில்லுக்குப் போனதை இருபத்திரண்டு வயதுப் பெண் சொல்ல முடியும்.

தெரிகிறதா என்று சோதித்தது

பேசியவரையே கேட்டு, அவர் பேசியது ஏற்கெனவே தெரிந்த, அவர் நம்பும் இரண்டு பேரிடம் படத்தின் முதல் வெட்டை (முதல் எடிட்டை) காட்டினோம். புதிதாக யாரிடமும் காட்டக் கூடாது, சோதனையே கசிவாகிவிடும். பல சாட்சியங்களைக் கலந்து போட்டு ‘இதில் உங்களுக்குத் தெரிந்தவர் எது’ என்று கேட்க வேண்டும்.

முதல் வெட்டில் உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். ஒன்று, வாக்கியத்துக்கு வாக்கியம் வரும் ‘ஆத்தா சத்தியமா’. குரல் வேறு, தொடர் அவருடையது. இரண்டாவது, பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு நுனியை விரலில் சுற்றும் பழக்கம்; நிழலில் அது நன்றாகத் தெரிந்தது. முதலாவதை அவர் சம்மதத்தோடு குறைத்தோம். இரண்டாவதற்கு அந்த ஷாட்களை எடுத்துவிட்டு, பின்னலைக் கொண்டையாக முடிந்து, மேலே ஒரு துண்டு போர்த்தி உட்காரவைத்து வேறு நிழல் எடுத்தோம். கேமராவைத் தொடுவதற்கு முன்பே துண்டு போர்த்தச் சொல்லியிருக்கலாம். அடுத்த வெட்டில் இருவரும் வேறு ஒரு நிழலைக் காட்டி ‘இவதான்’ என்றார்கள். அதற்குப் பிறகுதான் படத்தை முடித்தோம்.

மில்லுக்குள் போகாமல் மில்

கேமராவோடு மில்லுக்குள் போக வழியில்லை. ரகசியக் கேமரா கொடுத்து அனுப்பும் யோசனையை ஆரம்பத்திலேயே தள்ளிவிட்டோம். மாட்டினால் மாட்டுவது அந்தப் பெண். சாலையிலிருந்து கேட், காம்பவுண்டுச் சுவர், மில் பஸ் எடுக்கலாம். பஸ்ஸில் மில் பெயரும் நம்பரும் இருக்கும், ஜன்னலில் முகங்கள் இருக்கும். அந்த ஷாட்களில் பயன்பட்டவை குறைவு.

பதிலுக்கு, வேலையை விட்டு வெளியே வந்து முகம் காட்டிப் பேசச் சம்மதித்த ஒருவர் சைடர் வேலையைக் கையால் செய்து காட்டினார். அறுந்த இழையை ஒட்டுவது. முழங்காலால் ஸ்பிண்டிலின் (நூல் சுற்றும் கதிரின்) பிரேக்கை அழுத்தி நிறுத்துவது, நூல் சுற்றிய பாபினிலிருந்து நூல் நுனியைத் தேடி இழுப்பது, வளையத்தில் ஓடும் டிராவலர் என்ற சின்ன உலோக வளைவுக்குள் கோத்து, மேலே கொக்கி வழியாக ஏற்றி, முன் ரோலரில் வந்துகொண்டிருக்கும் பஞ்சோடு நுனியை ஒட்டி முழங்காலை விடுவது. இயந்திரம் இல்லை, ஒரு துடைப்பக் கட்டையும் நூல்கண்டும் மட்டும். அவர் கை சில நொடியில் முடித்துவிட்டு அடுத்த ஸ்பிண்டிலுக்கு நகர்ந்தது. இடது முழங்கால் ஒவ்வொரு முறையும் வெற்றிடத்தை அழுத்தியது. 50 மி.மீ. லென்ஸில், முழங்கால் உயரத்தில் கேமராவை வைத்து, வெட்டாமல் ஓடவிட்டோம். ஒரு ஷிப்ட் முழுக்க எத்தனை தடவை அந்தக் கால் மடங்கும் என்பது விளக்கவுரை இல்லாமலே தெரிந்தது. படத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது.

ரிங் பிரேம் ஓடும் இடத்தில் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அதனால் பெண்களுக்குள் ஒரு கைச்சாடை மொழி உண்டு: சூப்பர்வைசர் வருகிறார், தண்ணிக்குப் போகிறேன், தலை வலிக்கிறது. அவற்றையும் அவரே செய்து காட்டினார். இன்றும் உள்ளே பயன்படுத்தும் சில சாடைகளை வெளியே காட்ட வேண்டாம் என்றார். விட்டுவிட்டோம்.

கோப்புகளும் ஒப்புதலும்

கையெழுத்துப் போட்ட ஒப்புதல் தாள் என்பது பேசியவர்களின் பெயர்ப் பட்டியல். அதைக் கட்டி வைத்திருப்பது ஆபத்து. ஒப்புதலை ஒலிப்பதிவாக, பெயர் சொல்லாமல், எண் மட்டும் வைத்து வாங்கினோம். எண் யாருடையது என்பது ஒருவருடைய நோட்டில் மட்டும், வேறு வீட்டில். ஒப்புதலை மூன்று தனித்தனிக் கேள்விகளாகப் பிரித்துக் கேட்க வேண்டும்: சங்கக் கூட்டத்தில் போடலாமா, வெளி மாவட்ட அரங்கில் போடலாமா, இணையத்தில் போடலாமா. ஒன்றுக்குச் சரி என்பவர் மற்றதற்கு வேண்டாம் என்பார். இணையத்துக்கு ஏற்றியபின் வாட்ஸ்அப்பில் சுற்றுவதைத் திரும்ப வாங்க முடியாது என்பதை அந்த வார்த்தையிலேயே சொல்ல வேண்டும். வெட்டி முடித்தபின் திரும்பவும் கேட்க வேண்டும். முதலில் சம்மதித்தவர், தான் பேசியதைத் திரையில் பார்த்தபின் ஒரு பகுதியை எடுக்கச் சொல்வது சகஜம், எடுக்கத்தான் வேண்டும்.

போனில் லொகேஷனை அணைத்துவிட்டு, பேக்கப்பை நிறுத்திவிட்டு எடுங்கள். கோப்புக்குப் பெயரோ ஊரோ வைக்காதீர்கள். அசல் ஒலியை வெராகிரிப்ட் என்ற மென்பொருளில் கடவுச்சொல் போட்டுப் பூட்டிய கோப்பறையில் ஒரே ஒரு பிரதியாக வைத்தோம். மெமரி கார்டை ஃபார்மட் செய்தால் அழியாது. மேலே எழுதினாலும் முழுக்க அழிந்தது என்று நம்ப முடியாது. 32 ஜிபி கார்டு சில நூறு ரூபாய்தான், கத்தரியால் வெட்டிப் போட்டோம். முடித்த படத்தை வெளியே அனுப்பும் முன் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளைக் கொண்டு மெட்டாடேட்டாவை (எப்போது, எங்கே, எதில் எடுத்தது போன்ற, கோப்புக்குள் ஒளிந்திருக்கும் விவரங்களை) நீக்கிவிட்டு அனுப்ப வேண்டும்.

விடுமுறை நாளில் வந்து பேசுகிறவருக்குப் பஸ் காசும் ஒரு நாள் கூலியும் கொடுத்தோம், படத்தின் கடைசியில் அதை எழுதியும் போட்டோம். காசு கொடுத்தால் சாட்சியம் கெட்டுவிடும் என்று சொல்பவர்களின் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. அன்றைக்கு அவர் தவிர எல்லாருக்கும் சம்பளம் இருக்கிறது.

திரையிடல்

சங்க அலுவலக மொட்டைமாடியில், பழைய ஃபிளெக்ஸ் பேனரின் வெள்ளைப் பின்பக்கத்தைத் திரையாக்கி, 3,000 லூமென் புரொஜெக்டரில் இருட்டியபின் போட்டோம். ஃபிளெக்ஸ் வேட்டியைவிட நல்லது. காற்றுக்கு ஆடாது, பின்னால் வெளிச்சம் கசியாது. போன்களை வாசலில் பெயர் எழுதிய கவரில் போட்டு வாங்கி வைக்கும் வேலையைச் சங்கத்துப் பெண்களே எடுத்துக்கொண்டார்கள். அரங்கில் பொதுத் திரையிடல் என்றால் 1952 சினிமாட்டோகிராப் சட்டப்படி தணிக்கைச் சான்று வேண்டும். அதற்குக் கொடுக்கும் பிரதியும் காகிதங்களும் எண்கள் மட்டுமே உள்ளவையாக இருக்கட்டும்.

எல்லாரையும் மறைக்கத்தான் வேண்டும் என்றும் இல்லை. வேலையிடத்தில் பாலின வன்முறையைத் தடுக்கத் தொழிற்சங்கமும் ஆடை நிறுவனங்களும் 2022 ஏப்ரலில் கையெழுத்திட்ட திண்டுக்கல் ஒப்பந்தம் மாதிரி, புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்று எழுத்தில் இருந்து, அதைக் கேட்க ஒரு பெண்கள் சங்கமும் இருக்கிற இடத்தில் சிலர் முகம் காட்டியே பேச விரும்புவார்கள். அது அவர்கள் முடிவு. அவர்களை வற்புறுத்தி நிழலாக்குவதும் தப்பு.

அடுத்த படத்தில் மாற்றப்போவது சில உண்டு. குரல் கொடுப்பவர்களுக்கான பணத்தை பட்ஜெட்டின் முதல் வரியில் எழுத வேண்டும். கடைசியில் மிஞ்சியதில் கொடுப்பது முறையில்லை. ஜன்னல் முறையையும் பிளரையும் முயலவே போவதில்லை. பட்டர் பேப்பர் சட்டத்தை 2 அடிக்குப் பதில் இரண்டரை அடியாகச் செய்தால் மங்கல் 5 அங்குலம் வரும். உயரமான ஆட்களுக்கு அது இன்னும் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஒடிசா, ஜார்க்கண்ட், பீகாரிலிருந்து வரும் பெண்கள் இப்போது ஹாஸ்டல்களில் அதிகம். ஒரு ஹாஸ்டலில் சாதிரி (ஜார்க்கண்ட், ஒடிசா பக்கத்து மொழி) பேசுகிறவர் மூன்று பேர்தான் என்றால் மொழியே முகவரி. அவர்கள் சாட்சியத்தை எந்த மொழியில், யார் குரலில் வைப்பது என்பதை அவர்களோடு உட்கார்ந்து முதலில் பேசிவிட்டுத்தான் வேட்டியைக் கட்ட வேண்டும்.